தொலைதூரக் குறியும் குறைந்த விலைத் துப்பாக்கியும்

குறி தவறாது எய்தலில் மக்களுக்குள்ள விருப்பம் மிகப் பழைமையானது. வில் மறைந்து துப்பாக்கி தோன்றிய பின்னரும் அவ்விருப்பம் குன்றவில்லை. இங்கிலாந்து, கானடா, ஐக்கிய அமெரிக்க நாடு முதலிய தேயங்களில், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நாட்டிய காகித இலக்கைச் சுட்டுத் துளைத்தல், பந்தாட்டம் போன்றே ஒரு விளையாட்டாகப் பயிலப்பட்டு வருகின்றது. இங்கிலாந்தில் 1860-ஆம் ஆண்டு விம்பிள்டன் வெளியில் நடந்த முதற் கூட்டத்தை விக்டோரியா அரசியாரே ஒரு விட்வொர்த் துப்பாக்கியைச் சுட்டுத் தொடங்கிவைத்தார் என்றால், அவ்விளையாட்டுக்கு அக்காலத்திருந்த மதிப்பை நாம் உணரலாம். ஆனால் அரசியார் தொடங்கிய விளையாட்டு அரசர்க்கும் செல்வர்க்குமே உரியதென்னும் எண்ணம் இன்றும் பலரிடம் உள்ளது. சிறு சம்பளக்காரனாகிய ஓர் அமெரிக்க இளைஞன் இதிற் புக விரும்பினால், 'யான் வாங்கத்தக்க மலிவான துப்பாக்கி யாது?' என்பதே அவன் முதலிற் கேட்கும் வினாவாகும். அவன் கையில் உள்ள சிறு பொருளை எங்கே செலவிட்டால் பயன் விளையும், எங்கே செலவிட்டால் வீணாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெற்றாலன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் இயலாது; நம்மிற் பெரும்பாலார் கையால் தொட்டறிந்த துப்பாக்கி தேசீய மாணவர் படையிற் கொடுக்கும் .22 துப்பாக்கி ஒன்றே. ஆதலின் ஈண்டுக் கூறுவன அமெரிக்கக் கடைத்தெருவை நோக்கியே கூறப்படுகின்றன. இடையில் ஒன்று சொல்லலாம். துப்பாக்கி என்னும் இச்சொல் துருக்கி மொழி வழியாக நம்மிடம் வந்தது. திருக்குறளில் மழையைப் பற்றிய அதிகாரத்தில் இவ்வுருவமே வருதல் கண்டு வியப்பாரும் உளர்; அவ்விடத்து அச்சொல் உணவாக்கி என்னும் பொருளது; வெடிமருந்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நிற்க. மாணவர் படையின் .22 துப்பாக்கியைக் கையாண்டவர்க்கு அதன் அமைப்பு நினைவிருக்கும். குழலின் பின்புறத்தே, கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் உருக்குத் தண்டு உள்ளது. அதன் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் வெறுந்தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் புதிய தோட்டா அறையினுட் புகுந்து பூட்டிக்கொள்ளும். தாழ்ப்பாளை ஆங்கிலத்திற் போல்ட் என்பராதலின் இவ்வகைக்குப் போல்ட் துப்பாக்கி என்று பெயர். பிரஷ்ய நாட்டுப் படை 1841-இல் ஏற்றுக்கொண்ட டிரைஸ் துப்பாக்கி இவ்வகையின் மூதாதை. ஜெர்மானியராகிய பால் மௌஸர் 1898-இல் முடிவான உருவம் கொடுத்தார். இன்று விற்கும் போல்ட் துப்பாக்கிகளுட் பெரும்பாலன அவர் வகுத்த நெறியையே சிற்சில வேறுபாட்டுடன் பின்பற்றுகின்றன. தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வந்த பின்னும் தொலைதூரக் குறிக்கு இதனையே பலரும் விரும்புதற்குக் காரணம் வெளிப்படை. வெடிக்கும் கணத்தில் இதில் அசையும் உறுப்புகள் மிகச் சில. தாழ்ப்பாளின் பற்கள் தோட்டாவை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இறுகப் பிடிக்கின்றன. இவ்வமைப்பை எளிதாகவும் மலிவாகவும் செய்யலாம் என்பது நம் இளைஞனுக்கு அனுகூலமான செய்தி.

இனித் தூரத்தின் இயல்பை நோக்குவோம். நம் சோதிட நூலார் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பகுப்பர். துப்பாக்கி வீரர்களும் அக்கலையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஒரு கலை 100 கஜ தூரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுதி. 1000 கஜத்தில் பத்தரை அங்குலம். நன்றாகச் செய்த மலிவான துப்பாக்கி, ஏற்ற தோட்டா இட்டால், தன் குண்டுகளை ஒரு கலைக்குள் அடக்கிவிடும். அதனினும் பன்மடங்கு விலையுள்ள துப்பாக்கி அரைக் கலைக்குள் அடக்கும். அஃதாவது, 1000 கஜத்தில் முன்னதன் குண்டுகள் பத்தரை அங்குல வட்டத்துள்ளும், பின்னதன் குண்டுகள் ஐந்தே கால் அங்குல வட்டத்துள்ளும் விழும். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எப்புறத்தும் மூன்று அங்குலத்துக்கும் குறைவே. அமெரிக்கரின் ஆயிரம் கஜப் போட்டி இலக்கில் முழு மதிப்பெண் தரும் வட்டம் 20 அங்குல விட்டமுள்ளது என்பதையும் இத்துடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, காற்றின் செயலைப் பாருங்கள். 6.5 கிரீட்மூர் என்னும் தோட்டாவின் 140 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2700 அடி வேகத்துடன் புறப்பட்டு, 1000 கஜத்தைக் கடக்க ஒன்றரை வினாடி கொள்கின்றது. அதற்குள் மணிக்கு 10 மைல் வேகமுள்ள குறுக்குக் காற்று அதனை ஏறக்குறைய 6 அடி பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். காற்றின் வேகத்தைக் கணிப்பதில் மணிக்கு மூன்று மைல் பிழைத்தால் குண்டு இருபது அங்குலத்துக்கு மேல் விலகும்; இருபது அங்குல வட்டத்தின் நடுவே குறிவைத்த குண்டு வட்டத்துக்கு வெளியே போய்விடும். கொடி துடிப்பதையும், புல் சாய்வதையும், வெயிலிற் கானல் அலைந்து ஓடுவதையும் பார்த்து இக்காற்றை அளக்க வேண்டியது மனிதனின் கண்ணே. தோட்டாக்களின் வேகத்தில் வினாடிக்கு 20 அடி வேறுபட்டாலும் குண்டு ஏறத்தாழ அரை அடி ஏறியோ இறங்கியோ படும். விலையுயர்ந்த துப்பாக்கி மீட்டுத்தரும் மூன்று அங்குலம் எங்கே, இவை எங்கே! பயிற்சியில்லாதவன் கையில் விலைமிக்க துப்பாக்கி, தவறான இடத்தில் நெருக்கமாகக் குண்டுகளை வைக்கும், அவ்வளவே.

இதற்குச் சரித்திரத்திலும் ஒரு சான்று உண்டு. நியூயார்க் நகரை அடுத்த லாங் தீவில், கிரீட் என்னும் குடும்பத்தாரின் பண்ணை நிலத்தில், 1873-இல் கிரீட்மூர் என்னும் சுடுகளம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி ஐரிஷ் வீரர்களுக்கும் அமெரிக்க வீரர்களுக்கும் அங்கே 800, 900, 1000 கஜ தூரங்களிற் போட்டி நடந்தது. ஐரிஷ்காரர் அதற்கு முந்திய ஆண்டு விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்று புகழ் பெற்றவர். ரிக்பி என்பாரின் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளை ஏந்தியவர். அமெரிக்கரோ ரெமிங்டன், ஷார்ப்ஸ் கம்பெனிகளின் பின்வழித் தோட்டா இடும் துப்பாக்கிகளுடன் நின்றனர். எந்தத் துப்பாக்கி சிறந்தது என்பதே அன்று கூடியிருந்த பெருந்திரளின் வாதம். முடிவில் அமெரிக்கர் 934, ஐரிஷ்காரர் 931. வேறுபாடு மூன்றே புள்ளி. அந்த மூன்று புள்ளி வந்த வரலாறு வேடிக்கையானது. ஐரிஷ் வீரர் ஒருவர் இலக்கின் கரும்புள்ளியைச் சரியாகத் துளைத்தார். ஆனால் அது அடுத்தவருடைய இலக்கு! நான்கு புள்ளி பெறவேண்டிய அந்தக் குண்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்கரின் கடைசிக் குண்டைச் சுட வேண்டியவராகிய கர்னல் ஜான் போடைன் என்பார், இஞ்சிச் சாராயப் புட்டி வெடித்துக் கையைக் கிழித்துவிட, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு இரத்தம் கசியச் சுட்டு, கரும்புள்ளியைத் துளைத்து வெற்றியை ஈட்டினார். இரு வகைத் துப்பாக்கிகளும் ஏறக்குறைய நிகராகவே சுட்டன. வென்றதும் தோற்றதும் மனிதரே. அக்களம் பின்னர் மறைந்து, 1912-இல் அவ்விடத்தில் மனநோயாளருக்கு மருத்துவமனை எழுந்தது. களத்தின் பெயர் மட்டும், ஹார்னடி கம்பெனியார் 2007-இல் வெளியிட்ட 6.5 கிரீட்மூர் தோட்டாவில் வாழ்கின்றது.

ஆகவே துப்பாக்கியைத் தேர்வதற்கு முன் தோட்டாவைத் தேர்தல் வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு ஒரு வகைத் தோட்டாவே பொருந்துமாதலின், துப்பாக்கியின் விலை ஒரு முறை கொடுப்பது. தோட்டாவின் விலை வாழ்நாளெல்லாம் கொடுப்பது. இத்துறையில் தொடக்கக்காரர் முன் நிற்பன முக்கியமாக இரண்டு. ஒன்று 1952-இல் வந்த .308 வின்செஸ்டர், மற்றொன்று மேலே கூறிய கிரீட்மூர். ஆயிரம் கஜத்துக்குச் செல்வதற்குள் .308-இன் 175 கிரெயின் குண்டு 33 அடிக்கு மேல் தாழ்ந்துவிடும்; கிரீட்மூரின் குண்டு ஏறத்தாழ 26 அடியே தாழும். காற்றும் முன்னதனை 8 அடி ஒதுக்குமிடத்துப் பின்னதனை 6 அடியே ஒதுக்கும். அன்றியும், .308-இன் குண்டு அத்தூரத்தை அணுகும்போது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கித் தடுமாறும். கிரீட்மூர் குண்டு ஆயிரத்தைக் கடந்தும் ஒலியினும் விரைந்தே செல்லும். நீண்டு மெலிந்த வடிவமே இதற்குக் காரணம். பின்னுதைப்பும் இதில் குறைவு.

இவ்வளவு கூறியபின் .308-ஐ யார் வாங்குவார் எனின், அதற்கும் நியாயம் உண்டு. கிரீட்மூரின் குழல் ஏறத்தாழ 2000 முதல் 3000 குண்டுகளுக்குள் தன் நுண்மையை இழக்கும்; .308-இன் குழல் 5000 வரையிலும் தாங்கும். எஃப் வகுப்பு என்று ஒரு போட்டி உண்டு. முதுமையாற் கண்ணும் கையும் தளர்ந்த நிலையில் ஜார்ஜ் பர்க்குவர்சன் என்னும் கானடாக்காரர் தொடங்கியதாதலின், அவருடைய செல்லப் பெயரின் முதலெழுத்தைத் தாங்கியது. அதன் ஒரு பிரிவில் .223, .308 ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கே இடம். அப்பிரிவிற் சேர விரும்புபவன் கிரீட்மூரை வாங்கினால் வாயிலிலேயே நிற்க நேரும். ஆகையால் எவ்வகைப் போட்டியில் கலக்கப் போகிறோம் என்பதை உசாவியறிந்து வாங்குதல் அவசியம்.

கணக்கும் பார்த்துவிடுவோம். போட்டித் தரத்துத் தோட்டா ஒன்றின் விலை ஒன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழல் தேய்வதற்குள் சுடும் 2000 தோட்டாக்களுக்கு 3000 டாலர் ஆகின்றது. 600 டாலர் துப்பாக்கிக்கும் 1400 டாலர் துப்பாக்கிக்கும் உள்ள 800 டாலர் வேறுபாட்டால் ஐந்நூறுக்கு மேற்பட்ட தோட்டாக்களை வாங்கலாம். ஐந்நூறு குண்டுகளைக் காற்றில் சுட்டுப் பழகியவனுக்கும், அழகிய துப்பாக்கியைச் சுவரில் சாத்திவைத்துப் பார்த்திருப்பவனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை யான் விரித்தல் வேண்டா. வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வைத்துத் தானே மருந்தும் குண்டும் இட்டுக்கொள்பவனுக்குச் செலவு இன்னும் குறையும்; வேகமும் ஒரு சீராக அமையும். ஆனால் அதற்குப் பொறுமையும், நுண்ணிய தராசும், கவனக்குறைவு சிறிதுமில்லாத மனமும் வேண்டும்.

இனி மலிவான துப்பாக்கி எவ்வாறு மலிவாயிற்று என்பதை அறிதல் வேண்டும். மலிவு இரு வகைப்படும்: வேலையைக் குறைத்த அறிவினால் வந்த மலிவு ஒன்று, பொருளைக் குறைத்த கஞ்சத்தனத்தால் வந்த மலிவு மற்றொன்று. முன்னதற்கு ஸாவேஜ் கம்பெனியின் 110-ஆம் இலக்கத் துப்பாக்கியே தலைசிறந்த உதாரணம். அக்கம்பெனியை 1894-இல் நிறுவிய ஆர்தர் ஸாவேஜ் ஜமெய்க்காத் தீவிற் பிறந்தவர். 110-ஐ நிக்கலஸ் புரூவர் என்பார் வகுத்து 1958-இல் வெளிவந்தது. சாதாரணத் துப்பாக்கியில் குழலைத் தாழ்ப்பாட் கூட்டுடன் பொருத்தும்போது, தாழ்ப்பாளின் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்திற் சில கூறு அளவுக்குள் சரியாக இருக்க வேண்டும். இதற்குத் தேர்ந்த கம்மியன் ஒருவன் கடைசல் யந்திரத்தின் முன் நெடுநேரம் நிற்க வேண்டும். புரூவர் குழலின் மரையை நீளமாக்கி, அளவுத் துண்டு ஒன்றை அறையில் இட்டு, அது தட்டும் வரை குழலைக் கையால் திருகி, பின் ஒரு பெரிய நட்டினால் இறுக்கிவிட்டார். வேலை முடிந்தது! அந்த நட்டு கண்ணுக்கு அழகன்று. பல ஆண்டுகள் அதனை ஏளனம் செய்தவர் உண்டு. ஆனால் குழல் தேய்ந்தபோது அதன் அருமை புலனாயிற்று. கம்மியனிடம் செல்லாமலே, அளவுத் துண்டும் திருகுக் கருவியும் கொண்டு, உடையவனே வீட்டில் புதுக்குழல் மாட்டிக்கொள்ளலாம். குழல் தேயும் பொருள் என்பதை முன்னரே கண்டோம். ஆதலின் இச்சௌகரியம் பெரிது. கம்பெனி 1988-இல் கடனால் நொடித்தபோது, மற்றவற்றையெல்லாம் நிறுத்தி இந்த 110 ஒன்றையே செய்து பிழைத்தெழுந்தது.

புகழ்பெற்ற ரெமிங்டன் 700-உம் இவ்வாறு பிறந்ததே. 1948-இல் வந்த அதன் முன்னோடிகளில், தாழ்ப்பாட் கூட்டைச் செதுக்குவதை விட்டு உருண்டையான உருக்கிலிருந்து கடைந்தெடுத்தனர். செலவு குறைந்தது, உருண்டையாதலின் கட்டையில் ஒழுங்காகப் பதியவும் செய்தது. 1962-இல் வந்த 700 அவ்வழியினதே. அமெரிக்கப் படையின் குறிகாரர்களுக்குக் கொடுத்த எம் 40, எம் 24 என்னும் துப்பாக்கிகள் இதன்மேல் எழுந்தவை. சிக்கனத்துக்காகச் செய்த அமைப்பு போர்க்களத்தின் மிக நுண்ணிய வேலைக்கு உதவிற்று. ரூகர் கம்பெனி 2012-இல் 449 டாலர் விலை குறித்து விற்ற அமெரிக்கன் என்னும் துப்பாக்கியும், 2015-இல் 1399 டாலருக்கு வெளியிட்ட பிரிஸிஷன் துப்பாக்கியும் இந்நெறியை மேலும் தொடர்ந்தன. பின்லாந்து நாட்டின் டிக்கா, ஜப்பானிய ஹோவா, ஸ்பெயின் நாட்டின் பெர்காரா என்பனவும் தக்கவை. டிக்காவின் தாழ்ப்பாள் எண்ணெயில் ஓடுவது போல் ஓடுமென்று கையாண்டோர் புகழ்வர்.

கஞ்சத்தனத்தின் மலிவு பெரும்பாலும் கட்டையில் வெளிப்படும். மெல்லிய பிளாஸ்டிக் கட்டையின் முன்பாகம் தாங்கியின்மேல் வைத்ததும் வளைந்து குழலைத் தொடும். வெடிக்கும்போது குழல் நரம்பு மீட்டியதுபோல் அதிர்வது; அதனை ஒரு குண்டுக்குத் தொட்டும் அடுத்த குண்டுக்குத் தொடாமலும் இருக்கும் கட்டை, குண்டுகளைச் சிதறச் செய்யும். கடையிலேயே ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செலுத்தி, தோட்டா அறை வரை தடையின்றி ஓடுகின்றதா என்று பார்க்கலாம். கட்டையைச் சற்று அழுத்திக்கொண்டும் பார்க்க வேண்டும். குழல் தடித்ததாயின் சூடேறினும் எளிதில் நிலை மாறாது. வேட்டைக்காரர் சுமக்கும் மெல்லிய குழல் இருபது குண்டு தொடர்ந்து சுடுவதற்கு ஏற்றதன்று. குழலினுள் ஓடும் திருகுபுரியையும் கேட்டறிதல் வேண்டும். கிரீட்மூருக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கு. நீண்ட குண்டுக்கு விரைந்த சுழற்சி இல்லையேல் அது பம்பரம் தளர்ந்தாற் போல் தலை சாயும்.

'மூன்று குண்டுகள் ஒரு கலைக்குள்' என்று கம்பெனிகள் செய்யும் விளம்பரத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கி விழும். பத்து, இருபது குண்டுகளைச் சுட்டுப் பார்த்தாலன்றித் துப்பாக்கியின் உண்மைக் குணம் தெரியாது. மூன்று துளை விழுந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார் சொல்லை நம்பி எவரும் பொருள் கொடுத்தல் வேண்டா.

துப்பாக்கியிற் சேமித்த பொருளில் பெரும்பகுதி தொலைநோக்குக் கண்ணாடிக்குச் செல்ல வேண்டும். உருவத்தைப் பெருக்கிக் காட்டுவது அதன் சிறு வேலை. பெரு வேலை, குண்டின் தாழ்ச்சிக்கு ஏற்பக் குறியை முப்பது கலை ஏற்றி, மீண்டும் பழைய நிலைக்கு வழுவாது இறக்குவது. திருகிய எண்ணும் ஏறிய அளவும் ஒத்திராத கண்ணாடி எத்தனை மடங்கு பெருக்கினும் பயனில்லை. கண்ணாடியைத் தாங்கும் தண்டவாளம் முன்புறம் 20 கலை சரிந்ததாக இருப்பின், கண்ணாடியின் ஏற்ற எல்லை தொலைதூரத்துக்குப் போதியதாகும். இந்தச் சரிவுத் தண்டவாளத்தின் விலை சொற்பம். அதனை மறந்தவர் 1000 கஜத்தில் திருகு முட்டி நிற்கக் கண்டு வருந்துவர்.

பழைய துப்பாக்கியை வாங்கலாமா எனின், வாங்கலாம். குழலின் நிலையைக் கம்மியனுக்குரிய உட்பார்வைக் குழாய் கொண்டு பார்த்து, எத்தனை குண்டு சுட்டது என்றும் கேட்டு வாங்க வேண்டும். விசையின் வரலாற்றையும் விசாரித்தல் உயிர்க்காவல். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த ரெமிங்டன் 700-களுள் ஒரு வகை விசை தானே வெடிக்கக்கூடுமென்று 2014-இல் கம்பெனியே அவற்றைத் திரும்ப அழைத்தது. திருத்தப்பெறாத ஒன்று மலிவாகக் கிடைப்பின் அம்மலிவு வேண்டா.

பொருள் மிகவும் குறைந்தவனுக்கு மற்றொரு வழி உண்டு. 1887 முதல் வழங்கும் .22 தோட்டா 200 கஜத்துக்குச் செல்வதற்குள் 5 அடி தாழ்கின்றது. கலைக் கணக்கில் இது கிரீட்மூர் 1000 கஜத்தில் தாழ்வதற்கு ஏறக்குறைய ஒப்பு. காற்றும் இச்சிறு குண்டை அவ்வாறே, சில வேளை அதனினும் மிகுதியாக, அலைக்கும். ஆகவே செக் நாட்டின் சி. இஸட். 457 போன்ற ஒரு .22 போல்ட் துப்பாக்கியை வாங்கி, நல்ல கண்ணாடியைப் பொருத்தி, 200 கஜக் களத்தில் ஒரு பருவம் முழுவதும் பயில்பவன், ஆயிரம் கஜத்துக்குரிய திருகல் கணக்கையும் காற்றுக் கணிப்பையும் மிகச் சிறு செலவில் கற்றுக்கொள்கிறான். பின்னர்ப் பெரிய துப்பாக்கி வாங்கும்போது அந்தக் கண்ணாடியையே கழற்றி அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம்.